அளவெடுத்துச் செய்த கராஜ்

எட்டே முக்காலுக்கு ஷட்டர் தானாக மேலே ஏறத் தொடங்கியது. கராஜுக்குள் ஃபிட்டர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார்.

பெற்ற பிள்ளை வருவதற்கு எவராவது இஸ்திரி போட்ட சட்டை போடுவார்களா என்று மனைவி காலையிலேயே கேலி செய்தாயிற்று. அவள் மட்டும் என்ன, விடிந்ததிலிருந்து மூன்று முறை தலை வாரிக்கொண்டுவிட்டாள்.

மகன் இந்த வீட்டு வாசற்படி மிதித்து இரண்டு வருடம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்தால் சமாதானமாவது பேசலாம். நேரமில்லையாம், அவ்வளவுதான்.

போன மாதம் அவனே போன் செய்தான். ஆபீஸ் இந்தப் பக்கம் மாறி வருகிறதாம். சைக்கிளில் ஐந்து நிமிடத் தூரம். அங்கே கார் நிறுத்த இடமே கிடையாதாம். "நம்ம கராஜைக் கொஞ்சம் சரி பண்ண முடியுமாப்பா?" என்று கேட்டான்.

முடியுமாவா? அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் மெஷின் ஃபிட்டராக இருந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது!

காலையில் கார் விட ஒரு தடவை, சாயங்காலம் எடுக்க ஒரு தடவை. தினம் இரண்டு முறை முகம் பார்க்கலாம். ஃபிட்டர் அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

பழைய சாமான்களை மூன்று வண்டி நிறைய வெளியேற்றினார். ஓதம் ஏறிய சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் வெள்ளை அடித்தார். தரைக்கு எண்ணெய் ஊறாத சாம்பல் பெயின்ட். சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தையே வரைந்து மாட்டினார். இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மகனிடம் இருக்கும் அதே மாடல் காரை ஷோரூமுக்குப் போய் டேப் வைத்து அளந்தார். வாங்க வந்த ஆள் என்று நினைத்து அங்கே குடிக்கத் தண்ணீரெல்லாம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, அந்த அளவுக்குச் சரியாக விட்டத்திலிருந்து ஒரு பந்தைக் கட்டித் தொங்கவிட்டார். முன்கண்ணாடியில் பந்து தொட்டதும் பிரேக் போட்டால் போதும், ஒரு அங்குலம் பிசகாது.

மகன் வாங்கி அனுப்பிய சைக்கிளுக்குச் சுவரில் உயரமாக ஒரு கொக்கி. மகன் ஆறடி. ஃபிட்டருக்கு அது எட்டாது, ஸ்டூல் போட்டுத்தான் மாட்டினார்.

அவருடைய ஸ்கூட்டர் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் போய்விட்டது. உள்ளே இடம் இருந்தது. ஆனால் மகன் கார்க் கதவைத் திறக்கும்போது இடித்துவிடக் கூடாதே.

கராஜ் பின்சந்தில் இருக்கிறது, வீட்டு வாசல் முன்தெருவில். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு. அதன் கீலுக்கு மட்டும் நாலு முறை எண்ணெய் போட்டார்.

ஷட்டர் ரிமோட்டைக் கூரியரில் அனுப்பச் சொல்லி மகன் கேட்டபோதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கார் உள்ளே வந்தது. கறுப்பாக, யானைக்குட்டி மாதிரி. பந்து கண்ணாடியைத் தொடாமல் பானட்டில் மோதி ஒதுங்கியது.

வண்டியை மாற்றியிருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஃபிட்டருக்குச் சுருக்கென்றது. கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கதவைத் திறந்து இறங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும். குள்ளமான மனிதர். சுற்றிலும் பார்த்தார். சைக்கிளை எடுக்கக் கையை நீட்டினார், எட்டவில்லை.

"பெரியவரே, இதைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க. இவ்வளவு உசரத்துலயா மாட்டுவாங்க!"

ஃபிட்டர் ஸ்டூலைப் போட்டு ஏறி சைக்கிளை இறக்கினார்.

"எங்க ஆபீஸ் தம்பிதான் எனக்காக இந்த இடத்தை ஒதுக்கிக் குடுத்தாரு. இங்க அவருக்கு ஒரு வீடு சும்மா கிடக்குதாமே. வாட்ச்மேன் இருக்காரு, எல்லாம் பாத்துக்குவாருன்னு சொன்னாரு. நீங்கதானே அது?"

நான் அவன் அப்பன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேலதிகாரி முன்னால் மகனின் மானம் கப்பலேறிவிடும். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஆமாங்க சார்" என்றார்.

அந்த மனிதர் நல்லவர்தான். போகும்போது தோளில் தட்டி, "பளிச்சுனு வெச்சிருக்கீங்க, தம்பிகிட்ட சொல்றேன்" என்றார். சைக்கிள் சந்தில் திரும்பி மறைந்தது. ஷட்டர் இறங்கியது.

சின்னக் கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பேச்சுச் சத்தம் கேட்டுச்சே. எங்கங்க அவன்?"

"ஏதோ மீட்டிங்காம். நின்னு பேசக்கூட நேரமில்ல, ஓடிட்டான்."

அவள் முகம் வாடியது ஒரு நொடிதான். பிறகு காரைச் சுற்றி வந்தாள். பெரிய வண்டியா மாத்திட்டானா என்று கேட்டாள். ஃபிட்டர் தலையாட்டினார்.

அவள் பானட்டின் மேல் மெல்ல உள்ளங்கையை வைத்தாள். அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னும் சூடு ஆறலங்க."

"ஆமா" என்றார் ஃபிட்டர். "இப்பத்தானே போனான்."