பிறகு வந்த சொல்

பையை அவர் எப்போது திறப்பார் என்று இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பையில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. அதற்குள் வெற்றுக் கேசட். ஒரு துண்டு. வழியில் தின்று மிச்சம் வைத்த வேர்க்கடலை.

அவர் காப்பியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. பேருந்து மாறி மாறி வந்ததில் முதுகு வலித்தது.

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர். அடுத்த வருடம் ஓய்வு. வெள்ளைக்காரர் காலத்தில் சிறிய ஊர்களில் தொடங்கி, யாரும் கவனிக்காமலே மூடிப்போன மத்திய அலை வானொலி நிலையங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்.

பல வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த ஊரிலும் ஒரு நிலையம் இருந்தது. நகராட்சி நடத்தியது. சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் நாலைந்து பெரிய மனிதர்கள். மற்றவர்கள் பூங்காவில் ஒலிபெருக்கிக் கம்பத்தைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். சந்தை விலை, மழை நிலவரம், நடுவில் ஒரு பாட்டு. எல்லாவற்றையும் வாசித்தது ஒரே ஆள். பெயர் ஆவுடையப்பன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஆவுடையப்பனின் மகள்கள்.

மூத்தவர் செண்பகம். இது செண்பகத்தின் வீடு. இளையவர் பிரமு, காலையிலேயே தென்காசியிலிருந்து வந்துவிட்டார். பட்டுப்புடவை கட்டியிருந்தார். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற புடவை.

"போடுங்க சார், கேப்போம்," என்றார் பிரமு. "எனக்கு நெஞ்சு படபடங்குது."

"எதைம்மா?"

"அப்பா குரலைத்தான். கொண்டு வாரேன்னு போன்ல சொன்னீங்களாமே."

போனை எடுத்தது செண்பகத்தின் மருமகள். லைன் இரைந்துகொண்டே இருந்தது. குரலைத் தேடி வருகிறேன் என்றுதான் அவர் சொன்னார். கத்திச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

இப்போது மெதுவாகச் சொன்னார். அந்த நாளில் சின்ன நிலையங்களில் எதையும் பதிவு செய்து வைக்கவில்லை. மைக்கின் முன்னால் பேசினார்கள். பேசியது காற்றில் போயிற்று.

"எங்கயும் ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லம்மா. உங்ககிட்ட ஏதாவது இருக்குமோன்னுதான் நான் வந்தேன்."



இதை அவர் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறார். அங்கெல்லாம் யாரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை.

"நான் வயித்துல இருக்கையில அப்பா டைபாய்டுல போயிட்டாரு," என்றார் பிரமு. "அக்கா, அம்மா மடியில உக்காந்து பூங்காவுல கேட்டிருக்கா. நான் கேட்டதில்ல."

குறை சொல்கிற தொனி இல்லை. உயரத்தையோ நிறத்தையோ சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லேன்க்கா. எப்படிப் பேசுவாரு?"

"எனக்கு என்னட்டி ஞாபகம் இருக்கப் போவுது? ஏழு வயசு."

"இருக்கதைச் சொல்லு."

செண்பகம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். வந்த குரல் செண்பகத்தின் குரலைவிடத் தாழ்வாக, நிதானமாக இருந்தது.

"நேயர்களுக்கு அன்பான வணக்கம். இன்றைய ஒலிபரப்பை வழங்குவது, ஆவுடையப்பன்."

அதற்குமேல் வரவில்லை.

பேராசிரியர் கோப்பையைக் கீழே வைத்தார்.

அந்த நிலையத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. 'மகாஜனங்களுக்கு நமஸ்காரம்' என்றுதான் தொடங்குவார்கள். அந்தக் கால அறிக்கைகளில் பார்த்திருக்கிறார். நேயர், ஒலிபரப்பு எல்லாம் பிறகு வந்த சொற்கள். பெரிய நிலையங்கள் வந்து, வீட்டுக்கு வீடு ரேடியோ வந்த பிறகு. செண்பகம் பேசியது அப்பாவின் பேச்சு இல்லை. அடுப்படியில் வேலை செய்துகொண்டே வருடக்கணக்காக ரேடியோவில் கேட்ட யாரோ ஒருவருடைய பேச்சு.

அது செண்பகத்துக்குத் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது.

பிரமு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்ததும் அக்காவைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"நீங்க இதையே தேடி அலையிறவங்க. சொல்லுங்க சார். அப்பா இப்படித்தான் பேசியிருப்பாரா?"

ஆதாரமில்லாமல் அவர் ஒரு வரி எழுதியதில்லை. புத்தகம் முடியாமல் கிடப்பதற்கும் அதுதான் காரணம். ஒரு நிலையம் தொடங்கிய வருடம் சந்தேகமாகப் பட்டதால் ஓர் அத்தியாயத்தையே கிழித்துப் போட்டிருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு புத்தகம் என்னாயிற்று என்று கேட்பதை விட்டுவிட்டார்கள்.

வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார்கள்.

"ஆமாம்மா," என்றார். "இப்படித்தான்."

பிரமு தலையை ஆட்டினார். ஏதோ ஒரு வேலை முடிந்ததுபோல நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லுக்கா."

செண்பகம் இந்தத் தடவை தயங்கவில்லை.