பெரிய டிரம்

தம்பி வேலைக்குப் போன பிறகுதான் பெரியவர் சுவர் ஏறினார், கையில் நாலு கிலோ கல்லுப்புடன்.

அறுபத்திரண்டு வயதில் சுவர் ஏறுவது லேசல்ல. முழங்கால் சிராய்த்தது. அதற்கும் தம்பியைத்தான் திட்டினார்.

ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து ஏழு வருடம். பேச்சு நின்றும் ஏழு வருடம்.

பெரியவர் பக்கத்தில் ஒற்றை மாதுளை மரம். மாதம் தவறாமல் சுற்றிலும் வட்டமாகக் கொத்தி, கூடை கூடையாகச் சாணி எரு சுமந்து போட்டு, இடுப்பு ஒடிய வளர்த்தது. இந்த மூன்று வருடமாகக் காய்ப்பதென்றால் அப்படிக் காய்க்கிறது. எல்லாம் தன் கைராசி என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

தம்பியோ உடம்பு வளையாத பிறவி. இரண்டு டிரம்மில் உரத்தைக் கரைத்து வைப்பான். மாதம் ஒரு நாள் குழாயைத் திறந்துவிட்டு, நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்வான். மீதியை மண்ணுக்குள் புதைத்த கறுப்புக் குழாய்கள் பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சோம்பேறிக்குக் கொய்யா கொப்பு ஒடியக் காய்க்கிறது. ரோஜாப் பாத்தியில் இலையைக் காணோம், பூதான். பார்க்கப் பார்க்கப் பெரியவருக்கு வயிறு எரிந்தது.

காயட்டும். வேரோடு காயட்டும்.

இருந்த இரண்டில் பெரிய டிரம்மாகப் பார்த்து மூடியைத் திறந்து, உப்பு முழுவதையும் கொட்டினார். கரையும்வரை குச்சியால் கலக்கினார். வெறும் பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரும்பினால், ஈரத்துணி வாளியோடு தம்பி மனைவி நின்றிருந்தாள்.

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது.

அவள் பையைக் கவனிக்கவில்லை. முகத்தில் மரியாதையும் இல்லை.

“ஒரு வழியா கண்டுபிடிச்சுட்டீங்களா மாமா? ஆமா, அந்த டிரம்மு உங்க மாதுளைக்குத்தான். மூணு வருஷமா ஊத்துறோம். பாசத்துல ஒண்ணும் இல்ல. பட்டுப்போக இருந்துச்சே மரம், அது செத்தா நாங்க கண்ணு வெச்சோம்னு தெருவையே கூட்டுவீங்க. அந்தப் பயத்துலதான் அக்காவும் வந்து கேட்டாங்க. உங்க மண்வெட்டி படாத இடமாப் பார்த்துக் குழாயைப் புதைக்கச் சொன்னதும் அவங்கதான்.”

அக்கா என்று அவள் சொன்னது பெரியவரின் மனைவியை.

உப்புப் போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிரம்மைக் கவிழ்த்துவிடலாம், மரம் பிழைத்துவிடும். ஆனால் சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை தம்பி காதுக்குப் போகும். அங்கிருந்து தெருவுக்குப் போகும்.

அவள் ஒரு துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“இன்னிக்குதான் விடுற நாள். பக்கத்துலதான நிக்கிறீங்க? உங்க மரத்துக்கு நீங்களே திறந்து விடுங்க.”

பெரியவர் குனிந்து குழாயைத் திறந்துவிட்டார்.