அரைக் கிளட்ச்

"கிளட்ச் ஆயில் சோயா சாஸ் மாதிரி இருக்கு. இதைத்தான் ரெண்டு மாசம் முன்னாடி புதுசா ஊத்தினேன்னு சொல்றீங்களா?"

"ஊத்தினேன் தங்கச்சி. நீங்களும் இதே ஸ்டூல்ல உட்கார்ந்து பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

"பார்த்தேன். அன்னைக்குத் தேன் மாதிரி இருந்துச்சு. அதான் கேக்குறேன்."

பட்டறைக்காரர் சுமார்னோ கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். சோலோ நகரில் பெரிய பைக் என்றால் அவரிடம்தான் வரும். வாயும் அதற்கேற்ற அளவில் பெரிது. விடிந்தும் விடியாததுமாக ஹார்யோ வண்டியை விட்டுவிட்டு நடந்து போயிருந்தான். அவன் போனை எடுக்காததால் சுமார்னோ வீட்டுக்கு அழைக்க, அவன் மனைவி வெனிங் சண்டைக்கே தயாராக வந்துவிட்டாள்.

"இதைப் பாருங்க முதல்ல." வலது கைப்பிடியில் இருந்த டப்பாவின் கண்ணாடியைச் சுமார்னோ தட்டினார். "இது பிரேக் ஆயில். இதையும் அன்னைக்கேதான் மாத்தினேன். எப்படி இருக்கு?"

அது இன்னும் தேன் நிறத்திலேயே இருந்தது.

"ஒரே டின்னு, ஒரே நாளு. ஒண்ணு தேன், ஒண்ணு தார். ஏன்? கிளட்ச் ஆயில் இறங்குற இடம் இன்ஜினை ஒட்டி இருக்கு. வண்டி ஓடினா காத்துப் பட்டுச் சூடு ஆறும். ஊர்ந்துக்கிட்டே போனா உள்ளயே கிடந்து வேகும். லிவரைப் பிடிச்சுப் பிடிச்சு விட்டா ரப்பர் வேற தேஞ்சு மை மாதிரி கரையும். சும்மா நின்னாலும் காத்துல இருக்குற ஈரத்தைக் குடிச்சுக் கறுக்கத்தான் செய்யும். ஆனா அதுக்கு வருஷக்கணக்காகும்."

"அதனால?"

"உங்க வீட்டுக்காரர் தினமும் அரைக் கிளட்ச்சுல ஊர்ந்துட்டுப் போறாரு. பிரேக் பிடிக்கிற அளவுக்குக்கூட வேகம் இல்ல. ஆள் நடக்குற வேகம்."

"அவர் காலையில பேட்மிண்டன் ஆடப் போறாரு. ரோடு காலியாத்தானே இருக்கும்?"

பெஞ்சில் உட்கார்ந்து பச்சை மிளகாயைக் கடித்தபடி டெம்பே என்ற சோயா வறுவலை மென்றுகொண்டிருந்த வர்சீதோ தலையை நீட்டினான்.

"நான் என் சம்சாரத்துக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தப்ப என் கிளட்ச்சும் இப்படித்தான் நாசமாச்சு. அண்ணன் யாருக்குக் கத்துக் குடுக்குறாரோ!"

பட்டறையே சிரித்தது. வெனிங்குக்குக் காது மடல் சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். அதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்து, வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"சட்டை முதுகெல்லாம் மஞ்சக் கறை..."

கல்யாணப் பெண்ணுக்குப் பூசும் மஞ்சளின் நிறம். ஒருநாளும் அவனிடம் கேட்காமல் அவளே ஊறவைத்து, தேய்த்து, கொடியில் போட்டிருந்தாள்.

"அப்ப கத்துக் குடுக்கல," என்றான் வர்சீதோ. "பின்னால உட்கார வெச்சு ஊர்வலம் போறாரு!"

"டேய், வாயில மிளகாயை வெச்சு அடைச்சுக்க." சுமார்னோவுக்கே சங்கடமாகிவிட்டது. "தங்கச்சி, அவன் கிடக்கான். கோவத்துல மூட்டையைக் கட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடாதீங்க, என்ன?"

"எனக்கு அம்மா இல்ல."

கல்யாணத்துக்கு முன் ஹார்யோ வீட்டாரிடம் சொன்ன அதே குரலில், தடுமாறாமல் சொன்னாள். கல்யாணத்தன்று மணமேடையில் அம்மாவின் நாற்காலியில் சித்திதான் உட்கார்ந்தாள்.

"அந்தா வர்றாரு பேட்மிண்டன் வீரர்!" என்று வர்சீதோ கூவினான்.

தெருமுனையில் ஹார்யோ திரும்பினான். கையில் மட்டை இல்லை. முதுகில் ஒரு பெரிய பிரம்புக் கூடை, மார்புக்குக் குறுக்கே பாத்திக் துணியால் இழுத்துக் கட்டியிருந்தது. கூடையில் ஜாமு என்னும் மூலிகைச் சாற்றுப் பாட்டில்கள் குலுங்கின. மஞ்சளும் புளியும் கரைத்த அந்தச் சாறு தக்கையோரம் கசிந்து, அவன் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு வயதான அம்மாள் காலை இழுத்து இழுத்து நடந்தாள். அவளை முந்திவிடாமல் அவன் நடந்தான்.

"அட, நம்ம ஜாமுக்காரம்மா!" சுமார்னோ சிரித்துவிட்டார். "முட்டி வலின்னு இந்தத் தெருப் பக்கமே காணோமே. சுமக்க ஆள் பிடிச்சுட்டீங்களா?"

"நான் எங்க பிடிச்சேன்? அவராத்தான் வந்தாரு. தினம் கூடையை முதுகுல மாட்டிக்கிட்டு, வண்டியை உருட்டுற மாதிரி என் பக்கத்துலயே ஓட்டிட்டு வருவாரு."

"பின்னால ஏறிக்க வேண்டியதுதானே?"

"வாசலுக்கு வாசல் ஏறி இறங்க இந்த முட்டி விடுதா?"

பட்டறை மறுபடி சிரித்தது. இந்தத் தடவை நிம்மதியாக. வர்சீதோ எழுந்து நின்று காதைப் பிடித்துக்கொண்டான். "தங்கச்சி, மன்னிச்சுக்கங்க. அண்ணன் தங்கம்!"

வெனிங் சிரிக்கவில்லை. தலைத்துணியின் ஓரத்தை வாய்வரை இழுத்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் நகர்ந்தாள். ஹார்யோ அவளைப் பார்த்துவிட்டான். தப்புச் செய்தவன் போல அவன்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் பார்த்த பக்கம் அந்த அம்மாளும் திரும்பினாள். உடனே கையிலிருந்த கண்ணாடி டம்ளருக்குக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஜாமுக்காரம்மா, இவங்கதான் அவரோட சம்சாரம்," என்றான் வர்சீதோ. "பார்த்திருக்கீங்களா?"

அவள் டம்ளரை முந்தானையால் துடைத்தாள். சுத்தமாக இருந்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"எனக்கு எப்படிய்யா தெரியும்? பெரிய வீட்டுப் பொண்ணு." நிமிராமலேயே கையை நீட்டினாள். "கூடையைக் குடுங்க மாப்பிள்ளை, நான் போயிடறேன்."