இருநூற்றுப் பதின்மூன்றாவது சோதனை

ஹாலிஃபாக்ஸில் நான், ரோசலி, லீலண்ட் என்று மூன்று பேர், குழந்தைகள் வார்டில் மருந்து ஏற்றும் பம்புக்கு மென்பொருள் எழுதுகிறோம். யார் ஒரு வரி மாற்றினாலும் எல்லாச் சோதனைகளையும் தானே ஓட்டிப் பார்க்கும்படி மார்ச்சில் ஒரு சர்வரை அமைத்தேன். எழுதிய சோதனைகள் 212. முதல் நாளே அது, "213 தேறின" என்றது.

"உனக்கு எண்ணவே தெரியலடா," என்றாள் ரோசலி. லீலண்ட் உட்கார்ந்து எண்ணினான். 212தான். எல்லாம் தேறியதாகத் திரை பச்சையாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டோம்.

ஜூனில் நான் மாற்றிய ஒரு வரிக்குச் சிவப்பு விழுந்தது. 212 தேறின, ஒன்று தேறவில்லை. அதற்குப் பெயர் இல்லை, 'எடை 1.9 கிலோ' என்று மட்டும் இருந்தது. குறைமாதக் குழந்தையின் எடை. அதைப் போட்டுப் பார்த்தேன். என் வரி பத்து மடங்கு மருந்தை ஏற்றியிருக்கும்.

சிவப்பு விழவைத்தவர் மறுநாள் டோனட் வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான்கு வாங்கினேன்.

"மூணு பேருக்கு எதுக்குடா நாலு?" என்றாள் ரோசலி.

"கண்டுபிடிச்சவங்களுக்கு ஒண்ணு வேண்டாமா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. தானே அதை எடுத்து சர்வர் மேல் வைத்து, "ரொம்ப நன்றிப்பா," என்றாள்.

மதியம் பார்த்தோம். மேலே தூவிய சர்க்கரையில் ஒரு சின்னஞ்சிறு வாய் பதிந்திருந்தது. பல் தடம் இல்லை.