ஏறாத புழுக்கள்

சோளமாவுக் கஞ்சி பொங்கி வந்ததும் சமையல்காரி அடுப்பைக் குறைத்தாள்.

சாப்பிடப்போவது பத்தாயிரம் பழ ஈக்கள். உப்பில்லை, உறைப்பில்லை என்று குறை சொல்லாத வாய்கள்தான். ஆனால் அவள் ஒரு நாள் வராவிட்டால் அந்த ஆராய்ச்சிக்கூடம் முழுக்கப் பட்டினி.

அதனாலேயே நான்கு மாதமாக ஒரு நாள் லீவு கேட்க வாய் வரவில்லை. இந்த வாரம் போகட்டும், மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். இன்று கேட்டே தீருவது என்று கிளம்பி வந்திருந்தாள்.

பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒரு கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்கக்கா. அஞ்சாறு நாள்லயே கண்ணாடி மேல ஏறிக் கூடு கட்டியிருக்கணும். இன்னைக்குப் பத்தாம் நாள், இன்னும் கஞ்சிக்குள்ளயே கெடக்கு."

ஈயாக மாற வேண்டிய புழுக்கள் ஊதிப்போய்க் கிடந்தன. தின்றதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

"ஏன் மேடம், ஏறத் தெரியலையா?"

"உள்ள கட்டி இருக்கு. அது உடம்புக்கு ஒரு சேதி அனுப்புது, 'இப்ப வேணாம், பொறு'ன்னு. இதுவும் நம்பிப் பொறுத்துக்கிட்டே இருக்கு. கட்டி மட்டும் வளந்துக்கிட்டே போகுது."

சொல்லும்போதே மேடத்துக்கு முகம் மலர்ந்தது. ஏழு வருடமாக அந்த ஒரு சேதியைத்தான் அவர் துரத்திக்கொண்டிருந்தார்.

சமையல்காரியின் கரண்டி பாத்திரத்துக்குள் அப்படியே நின்றது. பயமாக இருந்தது. அந்தப் பயத்திலேயே கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு எனக்கு லீவு வேணும் மேடம்."

மேடம் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஐயோ அக்கா, இந்த செட் முடியட்டும். ஒரு வாரம் பொறுத்துக்கங்க."

நான்கு மாதமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வார்த்தை. இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

ஏப்ரன் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்து விரித்தாள். மடிப்பெல்லாம் மாவுக் கறை. டாக்டர் எழுத்துதான் என்றாலும் நன்றாகவே படிக்க முடிந்தது.

இடது மார்பில் கட்டி. உடனே வரவும்.

கஞ்சி இன்னும் பாதிகூட வேகவில்லை.

அடுப்பை அணைத்தாள்.