கழன்ற சக்கரம்

ரோஷினியின் பையிலிருந்து எடுத்த ஸ்பேனரைத் தலைமை நடுவர் தசரதன் மேஜைமேல் வைத்தார். சின்னதுதான். ஆனால் அறையில் இருந்த எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"கிருஷ்ணப்பிரியா ஸ்கேட்டிங் ஷூவுல சக்கரத்து நட்டு ரெண்டு லூசா இருந்திருக்கு. தானா லூசாகல, யாரோ திருகியிருக்காங்க. இது யாருதும்மா?"

ரோஷினி ஜிகினா வைத்த போட்டி உடைக்கு மேல் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள்தான் முதலிடம் என்று அறிவித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அவளும் கிருஷ்ணப்பிரியாவும் ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். வகுப்பில் யாரோ கொண்டு வந்த ஜப்பானியக் காமிக்ஸில், பனித்தரையில் சறுக்கிச் சுழலும் பெண்களைப் பார்த்து இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்தது. ஆவடியில் பனித்தரைக்கு எங்கே போவது? வெள்ளானூரில் கிருஷ்ணப்பிரியா குடியிருக்கும் அபார்ட்மெண்டின் கார் பார்க்கிங்கில், சக்கரம் வைத்த ஷூவில் ஆரம்பித்தார்கள். மூன்று வருடம் விழுந்து விழுந்து எழுந்ததில் முட்டிகளில் புதிதாகக் காயம்பட இடமில்லை.

இன்று மாவட்டத் தேர்வு. மாநிலப் போட்டிக்கு ஒரே ஒருத்திதான் போக முடியும்.

"தலையில அடிபட்டிருந்தா என்ன சார் ஆயிருக்கும்?" கிருஷ்ணப்பிரியாவின் அம்மா ராஜகுமாரிக்குக் குரல் உடைந்தது. "ரெண்டும் ஒரே டப்பாவுல சாப்பிட்ட பொண்ணுங்க சார்!"

நல்லவேளையாக அப்படி எதுவும் ஆகவில்லை. மூன்றாவது தாவலுக்கு முன்னால் சக்கரம் கழன்று உருண்டபோது, கிருஷ்ணப்பிரியா நாற்காலியில் உட்காருவதுபோலப் பக்குவமாகத் தரையில் சரிந்தாள். ஒரு கீறல் இல்லை. ஆனாலும் டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று அவளை முதலுதவி அறையில் படுக்க வைத்திருந்தார்கள்.

கதவோரம் நின்றிருந்த பாபு முன்னால் வந்தார். ரோஷினியின் அப்பா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். நைட் ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"சார், அது என்னுது சார். காலைல இங்க வந்ததும் பாப்பா ஷூவ டைட் பண்ணிக் குட்த்தேன். அப்டியே பையில போட்டுட்டேன்."

"பொண்ணுங்க எல்லாம் பேர் குடுக்க வரிசையில நின்னப்போ, ஷூ இருந்த எடத்துல யார் இருந்தது?"

"நான்தான் சார் குந்திக்கினு இருந்தேன். அதுக்கு இன்னா சார்?"

ரோஷினி சட்டென்று அப்பாவைப் பார்த்தாள்.

நேற்று சாயங்காலம் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். பத்தாவது வருகிறது, இந்தத் தடவை தேர்வாகாவிட்டால் ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டும். ரோஷினி போனில் கிருஷ்ணப்பிரியாவிடம் சொல்லி அழுதாள். போனை வைத்த பிறகும் அழுதாள். அப்பாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையைத் தடவினார்.

"அழுவாத பாப்பா. நாளிக்கி நீதான் ஜெயிக்கிற. அப்பா கீறேன்ல?"

அந்த வார்த்தைக்கு இப்போது வேறு அர்த்தம் தெரிந்தது.

தசரதன் பாபுவை மேலும் கீழும் பார்த்தார். "இது வெளையாட்டு விஷயம் இல்லைங்க. ஒரு பொண்ணோட உயிர் சம்பந்தப்பட்டது. நான் போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும். உண்மையைச் சொல்லிடுங்க."

"அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றாள் ரோஷினி. "நான்தான் பண்ணேன்."

பாபுவின் முகம் செத்துப்போனது. "இன்னா பாப்பா சொல்ற? சார், கொழந்த சார், பயத்துல இன்னாவோ ஒளறுது..."

"பயமெல்லாம் இல்ல. எங்க சார் கையெழுத்துப் போடணும்?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று தெரியும். எழுதிக் கொடுத்தாள். இரண்டு வருடம் எந்தப் போட்டியிலும் இறங்கக் கூடாது என்றார்கள். தலையாட்டினாள். ராஜகுமாரி அவளைப் பார்த்த பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். பாபு பைக்கை எடுத்துவரப் போனார். மைக்கில் இரண்டாம் இடம் வந்த பூந்தமல்லிப் பெண்ணின் பெயரைச் சொல்லி, மாநிலப் போட்டிக்கு அவள் போகிறாள் என்றார்கள். கைதட்டல் கேட்டது.

கைதட்டல் அடங்குவதற்குள் முதலுதவி அறையிலிருந்து கிருஷ்ணப்பிரியா ஓடி வந்தாள். வெறுங்கால்.

"யார் பேரையோ சொல்றாங்க? நீதானடி ஃபர்ஸ்ட்?"

"இப்ப இல்ல. ஒன் ஷூ நட்ட நான்தான் திருகுனேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"லூசா நீ? எதுக்கு அப்படி எழுதிக் குடுத்த?"

ரோஷினி வாசலைப் பார்த்தாள். பைக் ஸ்டார்ட் ஆகாமல் பாபு திரும்பத் திரும்ப உதைத்துக் கொண்டிருந்தார்.

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற? எங்கப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறத என்னால பாக்க முடியாது. எனக்காகத்தான பண்ணாரு."

கிருஷ்ணப்பிரியா கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா தொடவே இல்லடி. நீ ஸ்டேட்டுக்குப் போகணும்னு நானேதான் திருகி வச்சேன்."