பெருசைக் காணோம்

"கதவை யாருய்யா உடைச்சது? பெருசு எங்க?"

பேராசிரியை போட்ட சத்தத்தில் காவலாளி இரண்டடி பின்வாங்கினார். ஆய்வுக்கூடத்தின் உள்ளறைப் பூட்டு நெளிந்து தரையில் கிடந்தது. உள்ளே, ஒரு மூலையில் சிறுசு மட்டும் தனியாக.

"மேடம், அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல! இந்த வெயில்ல மரமே கருகி நிக்குது. பெருசு தாங்குமா?"

நாலு நாளாக வெயில் பல்கலைக்கழகத்தை வறுத்துக்கொண்டிருந்தது. கரண்ட் காலையிலேயே போய்விட்டது. பெருசுக்குச் சூடு ஆகாது என்று, நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அந்த அறைக்கு மட்டும் தனி ஜெனரேட்டர் வாங்கிப் போட்டிருந்தாள்.

"நர்சம்மாதான் கேட்டாங்க மேடம். நம்ம ஆஸ்பத்திரிக்குத்தான்..."

"என்னைக் கேட்டீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள். காவலாளி கடப்பாரையும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார்.

"எட்டு வருஷம்யா! மலை உச்சியிலேர்ந்து என் தோள்ல சுமந்து கொண்டாந்தேன். கூட இருந்ததெல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. அந்தக் காலத்துல மழை எப்படி, காத்து எப்படின்னு இனிமே பெருசுகிட்டதான் கேட்டாகணும். பாதிகூடக் கேட்டு முடிக்கல!"

"தப்புதான் மேடம்."

"தப்பா? கொலைய்யா இது!"

நிர்வாகக் கட்டடத்தில் ஜெனரேட்டர் உறுமியது. சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னால் ஏசி சுகமாக ஓடியது. பேராசிரியை பல்லைக் கடித்தாள்.

"லீவு விடுங்கன்னு ஒரு வாரமா தொண்டை கிழியக் கத்துறேன். எவன் காதுல ஏறிச்சு? விழா நடத்தியே தீரணுமாம். பசங்க மைதானத்துல வரிசையா நிக்கணுமாம்!"

ஆஸ்பத்திரிக் கதவைக் காலாலேயே தள்ளினாள்.

"எங்க என் பெருசு?"

நர்ஸ் நிமிரவில்லை. கட்டிலில், கழுத்துவரை ஈரத்துணி போர்த்திய ஒரு முதலாமாண்டு மாணவி. முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கண்கள் செருகியிருந்தன.

"மைதானத்துல சுருண்டு விழுந்துட்டா மேடம். உடம்பு அனலாக் கொதிக்குது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாவது ஆகுமாம். பதிவாளர் ரூம் ஏசியில படுக்க வைக்கலாம்னு தூக்கிட்டுப் போனோம். மீட்டிங் நடக்குது, வெளிய உக்காருங்கன்னு கதவைச் சாத்திட்டாங்க."

"என்ன மீட்டிங்?"

"வெயிலைச் சமாளிக்கிறது எப்படின்னு."

பேராசிரியை கட்டிலருகே வந்து மாணவியின் நெற்றியைத் தொட்டாள்.

"சூடு இறங்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா இது பத்தாது மேடம்" என்றபடி நர்ஸ் ஈரத்துணியை விலக்கினாள்.

பேராசிரியை பார்த்தாள். ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு காவலாளியின் பக்கம் திரும்பினாள்.

"சிறுசையும் உடைச்சுக் கொண்டாங்க அண்ணே. ஓடுங்க! குடுத்துட்டு, அந்தக் கடப்பாரையோட நேரா பதிவாளர் ரூமுக்கு வாங்க. உடைக்க இன்னொரு கதவு இருக்கு."

அந்த மலையில் இப்போது மிச்சமே இல்லாத பனிப்பாறையின் பெரிய பாளம், பத்தாயிரம் வயதுப் பெருசு, மாணவியின் கழுத்தடியிலும் அக்குளிலும் துண்டு துண்டாகக் கரைந்து, கட்டிலின் ஓரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.